கண் திறக்காத துரைசானி

யுத்தம் இன்னும் முடியாத காலம். ஆவடியில் ஒரு இன்ஜினீயர் துரையின் பங்களாவில் நடந்தது இது. கோயில் கோபுரப் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுவது என் தொழில். கண் திறப்பதில், அதாவது கடைசியாகக் கருமணிப் புள்ளி வைப்பதில், திருமழிசைப் பக்கம் என்னை விட்டால் ஆளில்லை என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. துரை என்னைக் கூப்பிட்டது ஒரு படத்தின் சட்டத்துக்குப் பொன்வண்ணம் பூச. படம், செத்துப்போன அவர் மனைவியுடையது. அந்த அம்மாளுக்கு வேறு படமே கிடையாதாம்.

சட்டத்தை விட்டுவிட்டு, கிட்டே உட்கார்ந்து படத்தையே பார்த்தேன். பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது. கன்னத்தில் பச்சை, தாடைக்கு அடியில் ஊதா, எல்லாம் திட்டுத் திட்டாக அப்பியிருந்தது. கோடு என்று ஒன்றுகூட இல்லை. கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு நீலத் தீற்றல், கருமணியே கிடையாது. எவனோ பாதியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

துரை வெளியே போயிருந்தார். சமையல்காரர் வந்து வாசற்படியிலேயே நின்றார்.

"அண்ணாத்தே, அந்தம்மாக்கு கண்ணு தொறக்கல. அதான் ஊட்ட உட்டுப் போவாம சுத்திகினு கீது. பட்டப்பகல்ல இந்த ரூமாண்ட வரவே ஒடம்பு நடுங்குது. நீ தொறந்து உட்டுடு, போய்ச் சேரட்டும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கண் திறக்காத உருவத்தை நாங்கள் அப்படியே விடுவதில்லை. மையைக் குழைத்தேன். திறக்கிற கண் முதலில் ஆள்மேல் விழக்கூடாது, கண்ணாடியில்தான் விழவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதனால் சற்றுத் தள்ளிப் போய், படத்துக்கு முதுகு காட்டி நின்று, புள்ளி எங்கே வரவேண்டும் என்று கைக்கண்ணாடியில் பார்த்தேன்.

கண்ணாடிக்குள் ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரக் கண்கள். ஏதோ சொல்ல வந்து நிறுத்திய உதடு. திரும்பிக் கிட்டே போனேன். வெறும் பச்சை, ஊதா, நீலம். மறுபடி தள்ளிப் போய்க் கண்ணாடியில் பார்த்தால், மறுபடி அவள்.

"துரை எங்க நின்னு இதப் பாப்பாரு?" என்று கேட்டேன்.

"இதோ, நான் நிக்கிற எடத்துலதான். இதத் தாண்டி வரமாட்டாரு. இங்க நின்னுகினுதான் அந்தம்மாவாண்ட பேசுவாரு."

நானும் அங்கே போய் நின்றேன். கண்ணாடியே வேண்டியிருக்கவில்லை. அந்தத் தூரத்தில் திட்டெல்லாம் ஒன்றுசேர்ந்து அவள் முகமாகியிருந்தது.

துரை திரும்பி வந்தபோது என் கைத் தூரிகையில் மை காயவில்லை. அதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "அவளைத் தொட்டாயா?" என்றார். "இல்லீங்க துரை" என்றேன். அவர் படத்தைப் பார்த்தார், பிறகு அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரே ஒரு புள்ளி வைத்திருந்தால் அந்த மனுஷன் தன் மனைவியை இன்னொரு முறை பறிகொடுத்திருப்பார்.

இன்றும் எந்த முகத்துக்கும் கண் திறக்கும் முன்னால், எட்டப் போய் நின்று, அது ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தூரிகையை எடுக்கிறேன்.