சீமாட்டியின் கால்

கிரிசாந்தோ கட்சிக்காரன் இல்லை. சுராட்டா ஊரிலிருந்து வெல்லமும் காப்பிக்கொட்டையும் மலையிறக்கிக் கொண்டுபோய் விற்கிற கழுதைக்காரன். மூன்று கோவேறு கழுதைகள் வைத்திருந்தான். சண்டை தொடங்கிய முதல் வாரமே ஒன்றை அரசாங்கத்து நீல நாடாக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். கிறிஸ்துமஸுக்குள் இன்னொன்றைக் கலகக்காரச் சிவப்பு நாடாக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். இந்த மலையில் பீரங்கி ஏறுவதும் சோளம் ஏறுவதும் கழுதை முதுகில்தான். ஆகவே தளபதிகளுக்கு ஆளைவிடக் கழுதைமேல்தான் கண்.

மிஞ்சியது சீமாட்டி என்று அவன் பேர் வைத்திருந்த மூன்றாவது கழுதை ஒருத்தி. சாம்பல் நிறம், கொஞ்சம் திமிர். அவளும் போய்விட்டால் அவனும் அவன் பெண்டாட்டி ஒப்துலியாவும் பட்டினிதான்.

அதனால் கிரிசாந்தோ சந்தைத் தரகர்களின் வித்தையைக் கையில் எடுத்தான். சிப்பாய்கள் வருகிற சத்தம் கேட்டதும் அவள் வாலிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, முன்னங்காலில் குளம்புக்கு மேலே, ரோமத்துக்குள் மறைய இறுக்கிக் கட்டிவிடுவான். பத்தடி போவதற்குள் சீமாட்டி நொண்டுவாள். அவர்கள் போனதும் அவிழ்த்துவிட்டால் சரியாகிவிடும். ஒரு சுருட்டு அணைவதற்குள் அவிழ்த்துவிட வேண்டும், அதுதான் கணக்கு. விட்டால் முடி சதைக்குள் இறங்கிவிடும்.

ஏழெட்டு தரம் பலித்தது. ஒருமுறை சிவப்புச் சார்ஜெண்டு ஒருவன் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"என்னய்யா, ஒங் கழுதைக்கு வாதமா?"

"பொறந்ததுலேருந்தே இப்படித்தாங்க."

"அப்புறம் இத ஏன் கட்டிக்கிட்டு அழுவுற?"

"பொண்டாட்டியும் இதையேதாங்க கேக்குறா."

சார்ஜெண்டு சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

மே மாதம், ரியோநெக்ரோ சாலை. நல்ல மூடுபனி. முரசு கேட்டது. கிரிசாந்தோ அவசரமாக முடியைக் கட்டி நிமிர்ந்தான். பனியை விலக்கிக்கொண்டு நீல நாடாக்காரர்கள் வந்தார்கள். மீசை சரியாக முளைக்காத லெப்டினெண்டு ஒருவன் கழுதையை நடக்கவிட்டுப் பார்த்தான். அப்புறம் கிரிசாந்தோவை ஏற இறங்கப் பார்த்தான்.

"கழுதைக்குத்தான் கால் நொண்டி. ஒனக்கு நல்லாத்தான இருக்கு?"

சுமை கட்டுகிற அவனுடைய கயிற்றை எடுத்தே அவன் கையைக் கட்டினார்கள். அதன் மறுமுனையை, ஏற்கெனவே பிடித்துக் கட்டியிருந்த நாலு பேர் வரிசையின் கடைசியில் முடிந்தார்கள். சீமாட்டி சாலையோரப் பள்ளத்தில் இறங்கிப் புல்லை மோந்துகொண்டிருந்தாள். சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் முடியை அவிழ்ப்பார்கள், அவளையும் ஓட்டிக்கொண்டு போவார்கள். சாயங்காலத்துக்குள் எப்படியும் நழுவிவிடலாம் என்று நினைத்தான். வாயை மூடிக்கொண்டான்.

கொண்டுபோய் நிறுத்திய இடம் பலோநெக்ரோ மேடு. பதினைந்து நாள் நடந்த சண்டை அது. முதல் நாள் தோட்டாப் பெட்டி சுமந்தான். அப்புறம் தண்ணீர். அப்புறம் அடிபட்டவர்கள். கடைசியில் யாரைச் சுமக்கிறோம் என்று குனிந்து பார்ப்பதையும் விட்டுவிட்டான். காலையில் பிடித்த மேட்டை மத்தியானம் விட்டார்கள், மறுநாள் அதையே திரும்பப் பிடித்தார்கள். நாற்றத்தில் சோள அடை தொண்டைக்குள் இறங்கவில்லை. தூங்குகிறவனும் செத்தவனும் ஒரே மாதிரிதான் கிடந்தார்கள்.

அத்தனைக்கும் நடுவில் அவன் மனசு அந்த ஒரு முடியிலேயே இருந்தது. இன்றைக்கு வீங்கியிருக்கும். இன்றைக்குத் தோல் கிழிந்திருக்கும். கூடச் சுமந்த ஹிரோன் ஊர்ச் சமையல்காரன் நெமேசியோவிடம் சொன்னான்.

"போய்ச் சொல்லித் தொலையேன்யா" என்றான் நெமேசியோ. "கழுத அவங்களோடயாவது உசிரோட இருக்கும்ல?"

ஒன்பதாம் நாள் போய்ச் சொன்னான். லெப்டினெண்டு ஒரு பாறையில் சாய்ந்திருந்தான். ஒரு காதில் துணிக்கட்டு. கேட்டு முடிக்க வெகுநேரம் ஆனது அவனுக்கு.

"எந்தக் கழுத?" என்றான்.

கிரிசாந்தோ திரும்பினான். தண்ணீர்ப் பீப்பாயைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

பதினைந்தாம் நாள் சிவப்புக்காரர்கள் காட்டுப் பக்கமாகப் பின்வாங்கினார்கள். ஜெயித்தவர்களுக்கும் கத்தத் தெம்பு இல்லை. யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை, நிற்கவும் சொல்லவில்லை. பீப்பாயை இறக்கி வைத்துவிட்டுச் சாலை வழியே நடந்துவிட்டான்.

சீமாட்டி அதே பள்ளத்தில், ஓடையோரத்தில் நின்றாள். எலும்பும் தோலுமாக. வெல்லக்கட்டிகள் மழையில் கரைந்து, சாக்கு மட்டும் முதுகில் ஒட்டிக் கிடந்தது. முன்னங்காலைத் தரையில் ஊன்றவில்லை. கணு பூசணிக்காய் கணக்காக வீங்கியிருந்தது. முடி வெளியே தெரியவே இல்லை, சதை மூடிவிட்டது. கத்தி முனையால் தோண்டி எடுத்தான். உதைக்கிற கழுதை அவள், ஈ உட்கார்ந்தாலே உதைப்பாள். அன்றைக்கு உதைக்கவில்லை. உதைத்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஊருக்கு ரெண்டு நாள் வழி. ஆறு நாள் ஆயிற்று. நடுவில் தப்பி ஓடுகிற சிவப்புக்காரர்கள் வந்தார்கள், துரத்துகிற நீலக்காரர்கள் வந்தார்கள். ரெண்டு கூட்டமும் அவளுடைய காலைப் பார்த்தது, மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகிப் போனது. கூடவே நடந்த ஆள் காய்ச்சல் கண்டவன் மாதிரி இருந்ததால் அவனையும் யாரும் சீந்தவில்லை.

ஒப்துலியா வாசலில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். செத்துப்போனான் என்று ஊரே சொல்லியிருந்தது. எழுந்து வந்து அவன் முகத்தைத் தடவிப் பார்த்தாள். அழுதாள். அப்புறம் கழுதை நொண்டுவதைப் பார்த்தாள். வித்தை அவளுக்கும் தெரியும்.

"இங்க எந்தச் சிப்பாய் இருக்கான், இன்னும் கட்டியே வச்சிருக்க? பாவம், அந்த முடிய அவுத்து விடுய்யா."

"அவுத்தாச்சு" என்றான் கிரிசாந்தோ.

அதற்கப்புறமும் சண்டை ரெண்டரை வருஷம் இழுத்தது. நீலமும் சிவப்பும் மாறி மாறி ஊருக்குள் வந்து ஒவ்வொரு தொழுவமாகத் துழாவினார்கள். சீமாட்டியை ஒருத்தரும் கேட்கவில்லை. சுமையை நெற்றிப்பட்டையில் மாட்டித் தன் முதுகிலேயே ஏற்றிக்கொண்டு மலையிறங்கினான் கிரிசாந்தோ. அவள் பின்னாலேயே நொண்டி நொண்டி வருவாள். வீட்டில் கட்டிப்போட்டால் கத்துகிறாள் என்று கூட்டிப்போனான்.