பாறணை இல்லாத விரதம்

முப்பத்துநான்கு வருடம் அரசாங்கக் கச்சேரியில் கோப்புகளோடு இருந்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டு விடுகிறது: மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் வெளியே உட்கார முடியாது. என்னையோ ஆஸ்பத்திரி உளவளத்துணைப் பிரிவின் வாசலில் கிடந்த வாங்கில், கிழமைக்கு ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். உள்ளே என் மகள். இருபத்திரண்டு வயது. பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் நிறுத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். அனோரெக்சியா. உடல் எவ்வளவு ஒடுங்கினாலும், சாப்பிட்டால் பருத்துவிடுவேன் என்ற பயம் ஆளைச் சாப்பிட விடாது.

வைத்தியர் இரத்தத்தையும் இதயத்தையும் கவனித்தார். போசாக்கு ஆலோசகர் என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுத்தார். இந்த இரண்டும் எனக்கு விளங்கின. மூன்றாவது ஆள், உளவளத்துணையாளர், வெறுமனே கதைத்தார். கதைத்தால் சோறு இறங்கும் என்று நான் எந்தச் சுற்றுநிருபத்திலும் படித்ததில்லை. உள்ளே என்னதான் கதைக்கிறார்கள்?

நோய் எங்கள் வீட்டுக்குள் விரதம் என்ற பெயரில்தான் வந்தது. முதலில் வெள்ளி. பிறகு செவ்வாய். பிறகு சஷ்டி, பிரதோஷம் என்று பஞ்சாங்கத்தில் இடம் போதாமல் போயிற்று. கோயிலில் சனம் மெச்சியது.

"இந்தக் காலத்திலை இப்பிடி ஒரு பிள்ளையோ!"

"வாடினாலும் முகத்திலை என்ன களை, பாருங்கோவன்."

நானும் பெருமைப்பட்டேன். வெருகல் முருகனுக்கு என் மகள்தான் முதல் அடியார் என்பது போல நாலு பேரிடம் சொன்னேன். ஒரு காலை அவள் குளியலறையில் மயங்கி விழுந்த பிறகுதான் பஞ்சாங்கத்தை மூடினோம்.

ஐந்தாம் கிழமை, உளவளத்துணையாளர் என்னையும் மனைவியையும் உள்ளே கூப்பிட்டார். கிண்ணியா முஸ்லிம் பெண். என் இளைய தங்கையின் வயதிருக்கும். நான் கோப்போடு போனேன். திகதி, நேரம், உணவு, குறிப்பு என்று நிரல் போட்டு எழுதியிருந்தேன். "இடியப்பம். பிய்த்துப் பரப்பினாள். உண்ணவில்லை."

"சேர், இது யாருக்கு எழுதின அறிக்க?"

"உங்களுக்குத்தான், மிஸ்."

"நான் கேக்கல்லயே. மகளுக்கு இது தெரியுமா?"

"தெரியும்," என்றாள் மகள். "அப்பா மேசைக்குக் கீழை வைச்சு எழுதிறவர். ரகசியமாம்."

மனைவி சிரித்துவிட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு, என் செலவில்.

நான் விடவில்லை. "விரதத்தை நிப்பாட்டச் சொல்லுங்கோ, மிஸ். நாங்கள் சொன்னால் சாமிக் குற்றம் எண்டு அழுகிறாள்."

அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, எங்கட நோன்ப பாங்கு சொன்னா திறந்திருவம். ஒங்கட விரதத்தையும் சாப்பிட்டுத்தானே முடிக்கிற? அதுக்கு என்ன பேரு?"

"பாறணை."

"நீங்க கடைசியா எப்ப பாறணை செஞ்ச?"

வெளியே யாரோ இலக்கம் கூப்பிட்டார்கள்.

"கனநாளாய் இல்லை. ஒரு விரதம் முடிய முதலே அடுத்ததைத் துவங்கிடுவன்."

திகதி இல்லாத விண்ணப்பங்களை ஒன்றுவிடாமல் திருப்பி அனுப்பியவன் நான். முடிவுத் திகதியே இல்லாத ஒரு விரதத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு கையொப்பம் வைத்திருக்கிறேன்.

உளவளத்துணையாளர் என் கோப்பை மூடச் சொன்னார். சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கக்கூடாது, புகழக்கூடாது, ஏசக்கூடாது. சாப்பிட்டு முடிந்த அரை மணி நேரம்தான் பயம் உச்சத்தில் நிற்குமாம். அப்போது எழும்பிப் போகாமல் பக்கத்தில் இருந்து வேறு ஏதாவது கதைக்க வேண்டும்.

"என்னத்தைக் கதைக்கிறது?"

"இவ்வளவு காலம் கச்சேரில இருந்திருக்கீங்க. ஒரு கத இல்லயா, சேர்?"

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு, மகளுக்குச் சொல்லும் கதைக்காகக் கிண்ணியாப் பாலம் வருவதற்கு முந்திய காலத்துக்குப் போனேன். அப்போது 'பாதை' என்று சொல்லும் இழுவைப் படகில்தான் வாகனங்கள் துறையைக் கடக்கும். ஆடுகள் வயலை மேய்கின்றன என்று ஒரு கமக்காரர் எழுதிய மனுவோடு பாதையில் நின்றேன். பக்கத்தில் நின்ற ஆடு அந்த மனுவையே தின்றுவிட்டது.

"அப்பா," என்றாள் மகள், "சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கக்கூடாது."

எல்லாம் இப்படியே ஏறுமுகமாகப் போகவில்லை. ஒரு நாள் உறவுக்காரி ஒருத்தி படலையைத் திறக்கும்போதே, "இப்பதான் பிள்ளை உடம்பு வைச்சு வடிவாய் இருக்கு!" என்றாள். வாழ்த்துத்தான். மகளோ மூன்று நாள் அறைக் கதவைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறவர்களைப் படலையிலேயே மறித்து, என்ன சொல்லக்கூடாது என்று ஓதி உள்ளே விட்டேன். சிலர் கோபித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். அந்த நடைமுறையில் நான் திருத்தம் கொண்டுவரவில்லை.

கந்தசஷ்டி வந்தது. மகளும் விரதத்துக்கு இறங்கிவிடுவாளோ என்று பயந்தோம். இந்த வருடம் இல்லை என்று அவளும் உளவளத்துணையாளரும் பேசித் தீர்மானித்திருந்தார்கள். எப்படித் தீர்மானித்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆறு நாளும் மனைவி தனியே விரதம் இருந்தாள். ஏழாம் நாள் விடிய, பாறணைச் சமையல் குசினியில் மணத்தது. மகள் மேசையடிக்கு வந்து நின்றாள்.

"விரதம் பிடியாத ஆக்கள் பாறணை சாப்பிடலாமோ, அப்பா?"

"அதுக்கு ஒரு படிவம் இருக்கு. நிரப்பித் தாறியா?"

"பழைய விரதங்களின்ரை பாறணை எல்லாம் நிலுவையிலை கிடக்கு," என்று கதிரையை இழுத்தாள்.

அவளுடைய தட்டை நான் பார்க்கவில்லை. வெளியே, எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று குப்பைத் தொட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை மட்டும் பழக்கதோஷத்தில் சட்டைப் பையில் பேனையைத் தேடியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தட்டை ஒதுக்கும் சத்தம் கேட்டது.

சரி, முடிந்தது என்று எழும்பப் போனேன்.

"இருங்கோ அப்பா," என்றாள். அவளுடைய விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. "இன்னும் பயம் போகேல்லை. அந்த ஆட்டு மனுக்காரனுக்கு என்ன மறுமொழி எழுதினீங்கள்?"

இருந்தேன். மனுதாரரின் முறைப்பாடு ஆட்டினால் உறுதிப்படுத்தப்பட்டது என்று எழுதியதாகச் சொன்னேன்.