பூசணிக்காய் உடைத்த வருடம்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அதற்குப் பிறகு எந்த இடத்திலும் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. கேரளாவில் பரோட்டாக் கடை, போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கர், கொட்டாம்பட்டிப் பக்கம் செங்கல் சூளை, திருப்பூரில் மூட்டை தூக்கியது என்று போய்க்கொண்டே இருந்தேன். ஒரு முதலாளியும் எனக்குச் சம்பளம் கூட்டிக் கொடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை. இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தருகிற இடம் இருக்கிறது என்று காதில் விழுந்தால் இரண்டு சட்டையையும் போர்வையையும் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.

கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி ஷெட்டில் மட்டும் ஐந்து வருடம் நின்றேன். மகளை ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் மாற்ற முடியாது என்று மனைவி சொல்லிவிட்டாள். பெயிண்ட் வாளிக்கு மூடி வார்க்கிற மிஷின் எனக்கு. கதவைத் திறந்து, சூடு ஆறாத மூடியை எடுத்து, விளிம்பில் இருக்கும் பிசிறைப் பிளேடால் சீவி அடுக்க வேண்டும். ஷிப்ட் முழுக்க இதுதான். விரல் நுனிகளில் ரேகை இல்லாமல் போய்விட்டது. ரேஷன் கடை மிஷினில் கை வைத்தால் நான் யாரென்று அதற்குத் தெரியாது. மனைவிதான் போய் வைப்பாள்.

அவள் திருமங்கலத்தில் நைட்டி தைக்கிற கம்பெனியில் ஆறு வருடமாக டெய்லர். குனிந்து குனிந்து கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது. தையலை நிறுத்து என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். என் சம்பளம் ஏறினால் நிறுத்திவிடலாம் என்று அவள் காத்திருந்தாள். காலையில் சடை பின்னக் கையைத் தூக்க முடியாமல் மகளைக் கூப்பிடுவாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்வேன்.

எங்கள் ஷெட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. ஆயுத பூஜை அன்று மிஷின்களைக் கழுவிச் சந்தனம் வைத்து, பொரி படைத்து, கடைசியில் வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைப்போம். யார் உடைப்பது என்று முதலாளிதான் பேர் சொல்லிக் கூப்பிடுவார். முந்தின வருடம் உடைத்தவரைச் சூப்பர்வைசர் ஆக்கினார். அதற்கு முந்தின வருடம் உடைத்தவருக்குச் சம்பளம் கூடியது. ஆகவே பூசணிக்காய் யார் கைக்குப் போகிறதோ அவருக்கு அடுத்த மாதம் கூடும் என்று எல்லோருமே நம்பினோம்.

அந்த வருடம் என்னைக் கூப்பிட்டார்.

காய்க்குள் குங்குமத்தைக் கொட்டி, மேலே சூடம் ஏற்றி, ஷெட்டை மூன்று சுற்றுச் சுற்றி வந்து ரோட்டில் போட்டு உடைத்தேன். கை சிவந்துபோனது. லேத்தில் நிற்பவர் என் தோளைத் தட்டினார். "மாப்ள, அடுத்த மாசம் பூரா டீக்கெல்லாம் காசு ஒன் கணக்குதான்."

கையைக் கழுவாமல் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். நிச்சயமா என்று கேட்டாள். நிச்சயம்தான் என்றேன். இப்படி உறுதியாக ஒரு விஷயத்தை நான் அவளிடம் அதற்கு முன் சொன்னதில்லை. அந்த வாரக் கடைசியில் அவள் கம்பெனியில் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு நாள் பகலில் தூங்கினாள். அவள் பகலில் தூங்கி நான் பார்த்தது அப்போதுதான்.

சம்பளத் தேதியில் பழைய சம்பளம்தான் வந்தது. தவறிப்போயிருக்கும் என்று நினைத்து முதலாளி அறைக்குப் போனேன். பக்கத்து மிஷின்காரனுக்குக் கூட்டியிருந்தார். என்னிடம் வேலை பழகியவன், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதைச் சொல்லித்தான் கேட்டேன்.

முதலாளி கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். ஐந்து வருடத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது அன்றுதான்.

"அவன் எதுத்த ஷெட்டுக்குப் போறேன்னு நின்னான், போட்டுக் குடுத்தேன். நீ போற ஆளாப்பா? நீ நம்ம வீட்டு ஆளு. அதனாலதான ஒன்னையக் காய் ஒடைக்கச் சொன்னேன்."

"அது இல்லண்ணே, வீட்டுல வேலைய விட்டுட்டா."

"நான் விடச் சொன்னனா?"

அவர் சொல்லவில்லைதான்.

சாப்பாட்டு நேரத்தில் எதிர் ஷெட்டுக்குப் போய் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்தேன். வயதைக் கேட்டார்கள். நாற்பத்து மூன்று என்றதும், எடுக்கும்போது சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். போன் நம்பரைக்கூடக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது லேத்காரர் டீக் கணக்கு என்னாச்சு என்று கேட்டார். அவருக்கு விஷயம் தெரியாது. அன்றைக்கு அவர் குடித்த டீக்குக் காசு கொடுத்தேன்.

வீட்டில் சொன்னபோது அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டுவிட்டு எங்காவது கிளம்பியிருப்பேன். பூசணிக்காய் உடைத்தால் சம்பளம் கூடும் என்று முதலாளி எப்போதாவது வாயால் சொன்னாரா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். உலையில் அரிசியைப் போட்டாள்.

மறுநாள் கம்பெனிக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். சேர்த்துக்கொண்டார்கள். ஆறு வருடக் கணக்கு முடிந்துவிட்டதால் புதிதாக வருகிறவர்களுக்கு என்ன சம்பளமோ அதுதான் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

"அதே மிஷின்தான். சம்பளந்தான் புதுசு" என்றாள்.

அடுத்த நாளிலிருந்து நான் வேலைக்குப் போவதில்லை என்றேன். கோபத்தில் சொன்னதல்ல. எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

"நீங்களும் விட்டுட்டு வந்து உக்காந்துக்கிருங்க. அது ஒண்ணுதான் கொறச்சல்" என்றாள்.

காலையில் ஆறரைக்குக் கம்பெனி வேன் தெருமுனைக்கு வந்தது. முன்பெல்லாம் அவளுக்கு ஜன்னலோர சீட் இருந்தது. இப்போது அதில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். இவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைக் கழுத்துக்குக் கொடுத்தபடி நின்றாள். வேன் போனதும் நான் கப்பலூர் பஸ்ஸுக்கு நடந்தேன்.