என் கை காட்டிய வேகம்

நாலு வருடத்துக்கு முன்னால், தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு தொழிற்சாலையில் நடந்தது இது. கம்பெனிப் பேரும் ஆட்கள் பேரும் வேண்டாம். என் மகளும் மகனும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். மற்றப் பிள்ளைகளும் படித்தால் நல்லது. நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். பாதிக் கோபம் அவர்கள் மேல், பாதி என் மேல்.

ஒரு காருக்குள் எத்தனையோ ஒயர் ஓடும். விளக்குக்கு, ஹாரனுக்கு, பிரேக்குக்கு என்று. அந்த ஒயர்களைப் பலகையில் பரப்பி, டேப் சுற்றி, முனைகளைப் பிளாஸ்டிக் கனெக்டரில் செருகி, ஒரே கட்டாகக் கொடுப்பது எங்கள் வேலை. செருகியதும் 'டிக்' என்று சத்தம் கேட்கும். அதோடு முடியாது. ஒவ்வொரு ஒயரையும் பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். கையோடு வந்துவிட்டால் மாட்டவில்லை என்று அர்த்தம். பார்க்காமல் அனுப்பினால், என்றைக்கோ ஒருநாள் ஏதோ ஒரு ரோட்டில் ஒரு காருக்குப் பிரேக் விளக்கு எரியாது. பின்னால் வருகிறவன் வந்து மோதுவான். அந்தக் காரில் உங்களை மாதிரிப் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் ஷாப்பில், அதாவது வேலைக்கூடத்தில், எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. யாராவது வாட்சோடு வந்து பக்கத்தில் நின்றால், எல்லாரும் புத்தகத்தில் உள்ளபடி ஒவ்வொரு வேலையாக, ஒன்றையும் விடாமல் செய்வோம். அவசரப்பட மாட்டோம். ஏனென்றால் அன்றைக்கு எவ்வளவு நேரம் எழுதுகிறார்களோ, அதுதான் மறுநாளிலிருந்து எல்லாருக்கும். காய்ச்சலில் வந்தவனுக்கும் அதே நேரம்தான், கால்வலியோடு நிற்கிறவளுக்கும் அதே நேரம்தான்.

அந்தச் சட்டத்தை மீறியவன் நான்.

எங்கள் ஷாப்பில் என் கை வேகம் எல்லாருக்கும் தெரியும். பத்தாவது, அப்புறம் ஐடிஐ, அவ்வளவுதான் என் படிப்பு. கையை விட்டால் பெருமைப்பட வேறெதுவும் இல்லை. சங்கத்தில் சந்தா கட்டுவேன், ஆனால் தொழிற்சாலை வாசலில் சங்கம் நடத்தும் கேட் மீட்டிங்குக்குப் போக மாட்டேன். சும்மா கத்துகிறார்கள் என்று நினைப்பு. அந்தச் சமயத்தில் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். வந்ததும் 'பங்கேற்புக் குழு' என்று ஒன்றை ஆரம்பித்தார். "இனிமே முதலாளி தொழிலாளின்னு பேச்சே கிடையாது. நாமெல்லாம் ஒரே ஃபேமிலி. உங்க ஐடியாலதான் இந்தக் கம்பெனி ஓடப் போகுது" என்றார். சங்கத்தைக் கேட்காமல் அவரே எட்டுப் பேரை எடுத்தார். அதில் நானும் ஒருவன். நீல டீ-ஷர்ட் கொடுத்தார்கள். உங்கள் அம்மாவிடம் போட்டுக் காட்டினேன்.

ஒருநாள் என் பலகைக்கு எதிரே கேமரா வைத்தார்கள். நான் வேலை செய்வதை எல்லாருக்கும் பாடமாகக் காட்டப் போகிறார்களாம். பக்கத்துப் பலகையில் ஒரு அக்கா. பொழிச்சலூரிலிருந்து வருவார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கையை நிறுத்தாமலே மெல்லச் சொன்னார்: "தம்பி, சினிமா புடிக்கிறாங்கன்னு ஹீரோ ஆயிடாத. பொறுமையா செய்யி."

எனக்குக் காதில் ஏறவில்லை. வழக்கமாக ஒரு கட்டுக்கு ஐந்து நிமிடம் ஆகும். நான் மூன்றரை நிமிடத்தில் முடித்தேன். எப்படி? இழுத்துப் பார்க்கவே இல்லை. டிக், டிக், டிக் என்று செருகிக்கொண்டே போனேன். முடித்ததும் எனக்கே உறைத்தது. "சார், இழுத்துப் பாக்கறது விட்டுப்போச்சு. இன்னொரு தடவை எடுத்துடலாமா?" என்று கேட்டேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் பரவாயில்ல, அப்புறம் சேத்துக்கலாம்" என்று கைகொடுத்தார். சுற்றி நின்ற ஆபீஸ் ஆட்கள் கைதட்டினார்கள். அக்கா மட்டும் தன் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் பழைய பலகைகளை எடுத்துவிட்டு, தானாகச் சுற்றும் பலகைகளைக் கொண்டுவந்தார்கள். நாங்கள் அதற்கு ராட்டினம் என்று பேர் வைத்தோம். பொருட்காட்சி ராட்டினம் மாதிரியே சுற்றும், ஆனால் ஏறி இறங்க நிறுத்த மாட்டார்கள். அதன் வேகத்தை எதை வைத்து முடிவு செய்தார்கள் தெரியுமா? என் மூன்றரை நிமிடத்தை வைத்து. சங்கம் போய்க் கேட்டபோது, "உங்க ஆளே செஞ்சு காட்டினதுதானே" என்றார்கள்.

பிள்ளைகளே, அதற்குப் பிறகு அங்கே நடந்ததைப் பார்த்தவன் நான். பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போனால் பலகை ஓடிவிடும். அக்காவுக்கு நீர்க்கடுப்பு வந்து இரண்டு நாள் லீவு போட்டார். கிட்டத்தட்ட எல்லாரும் இழுத்துப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். விடாதவர் அக்கா ஒருவர்தான். ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்ப்பார். அதனால் அவருடைய கட்டு முடியாமலே பலகை அடுத்த ஆளிடம் போய்விடும். நான் தலை குனிந்து என் வேலையைப் பார்த்தேன்.

கடைசியில் அக்காவுக்கு மெமோ வந்தது. வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்து உற்பத்தியைக் கெடுக்கிறாராம். வேலையை விட்டே எடுக்க விசாரணை. ஒழுங்காக வேலை செய்த ஒரே ஆளுக்கு அந்தப் பட்டம்!

விசாரணையில் கம்பெனியின் சாட்சி யார்? நான்தான். "ஒண்ணும் இல்லப்பா, வீடியோல இருக்கறது நீதான்னு சொல்லு, போதும்" என்று ஆபீஸில் சொல்லி அனுப்பினார்கள். கண்ணாடி அறை. விசாரிக்க வெளியிலிருந்து ஒரு வக்கீல். அக்கா பக்கம் பேச எங்கள் சங்கச் செயலாளர். அவரும் எங்களோடு வேலை செய்கிறவர்தான். டிவியில் என் வீடியோவை ஓடவிட்டார்கள். பேச்சுச் சத்தத்தை எடுத்துவிட்டு, ஜாலியாக ஒரு மியூசிக் சேர்த்திருந்தார்கள். நான் கேட்டதும் அதில் இல்லை, மேனேஜர் சொன்ன "பரவாயில்ல"வும் இல்லை.

செயலாளர் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "இதுல கீற மாதிரிதான் டெய்லி செய்வியா?"

ஆமாம் என்றால் அக்கா வேலை போய்விடும். இல்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள், நான் வேலையில் செய்த தப்பை என் வாயாலேயே சொல்ல வேண்டும். உங்கள் ஸ்கூல் ஃபீஸ், வீட்டு வாடகை எல்லாம் ஒரு நிமிடம் கண்முன் வந்து நின்றன. அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைக் கெஞ்சவில்லை. இவன் என்ன சொல்லப்போகிறான் என்பது முன்பே தெரிந்தவர் மாதிரி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுதான் என்னைச் சுட்டது.

"இல்ல. அன்னிக்கு நான் ஒரு ஒயரையும் இழுத்துப் பாக்கல. மேனேஜர் சார்கிட்ட அப்பவே சொன்னேன். பரவாயில்லன்னார்" என்றேன்.

மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். "நான் அப்படிச் சொல்லவே இல்ல. இவன் பொய் சொல்றான்." ஒரே ஃபேமிலி என்று சொன்ன அதே வாய்!

எனக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன். அக்கா மேலிருந்த வழக்கை எச்சரிக்கையோடு முடிப்பதாக ஒரு தாள் கொடுத்தார்கள். எதற்கு எச்சரிக்கை? ஒயரை இழுத்துப் பார்த்ததற்கா? சங்கம் விடவில்லை. இழுத்துப் பார்க்காத கட்டுகள் காருக்குப் போகின்றன என்று கம்பெனிக்கு எழுத்தில் கொடுத்தது. அப்போதுதான் ராட்டினம் நின்றது. கார் கம்பெனிக்குத் தெரிந்தால் ஆர்டர் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. எங்கள் பெண்கள் தாகத்தோடு நின்ற மூன்று மாதமும் அவர்கள் கண்ணில் படவே இல்லை. செயலாளர் பக்கத்தில் நிற்க, அக்காவின் கையை வைத்துப் புதிதாக நேரம் எடுத்தார்கள். அப்போதும் பேரம் பேசி, ராட்டினத்தின் வேகத்தைக் கொஞ்சம்தான் குறைத்தார்கள், அக்காவின் நேரத்துக்கு முழுதாக வரவில்லை.

சஸ்பென்ஷன் முடிந்து வேலைக்குப் போன அன்று, சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் முகம் மாறவில்லை.

"மன்னிப்பெல்லாம் உன் வூட்லயே வெச்சிக்கோ. நாளைக்கு அவன் மறுபடியும் கேமராவோட வந்தா இன்னா பண்ணுவே? அத்த சொல்லு" என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பதில் சொல்லத்தான் அந்த மாதக் கேட் மீட்டிங்குக்குப் போனேன். இப்போது எந்த மீட்டிங்கையும் விடுவதில்லை. அந்த மேனேஜர் பதவி உயர்ந்து வேறு ஊர் போய்விட்டார் என்று கேள்விப்பட்ட அன்று இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. பிள்ளைகளே, வேகமாகச் செய்வது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இன்றைக்கும் யாராவது என் வேலையைப் பார்த்துக் கைதட்டினால், தட்டுகிறவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவரின் முகத்தைத்தான் நான் பார்க்கிறேன்.