ஒன்பது படங்களும் விற்றுப்போன நாள்

என் சித்தப்பா பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர். கும்மிடிப்பூண்டி சுற்றுவட்டாரத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் என்றாலும், பெரியவர் யாராவது கண்ணை மூடினாலும் அவரைத் தேடி ஆள் வந்துவிடும். பித்தளைப் பித்தான் வைத்த சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அதில் வீட்டில் யாருக்கும் குறையில்லை. குறையெல்லாம் அவர் படம் வரைகிறார் என்பதில்தான்.

முப்பத்தைந்து வயதுக்கு மேல் தொற்றிய பழக்கம் அது. சோழவரத்தில் கார் ரேஸ் நடந்தபோது அவர்கள் செட்டை வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே ஒருவர் மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்து, சீறிப் போகிற கார்களை விட்டுவிட்டு, வெயிலில் நிற்கிற ஜனங்களை வரைந்துகொண்டிருந்தாராம். சித்தப்பா ஊத மறந்து அவர் பின்னாலேயே நின்றுவிட்டார். அடுத்த வாரமே பட்டணம் போய்க் கலர் டியூப்களும் பிரஷ்களும் வாங்கி வந்தார். கம்பெனிகளுக்கு மெஷின் வந்து இறங்கிய பெட்டிகளின் பலகையைக் கேட்டு வாங்கி, வெள்ளையடித்து, அதன் மேல் வரைவார். மாதாவையோ மயிலையோ வரைந்திருந்தால் வீட்டில் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். அவர் வரைந்தது ஷிப்டு முடிந்து வருகிற பெண்களை, டிரம்மின் மேல் தலை வைத்துத் தூங்குகிறவனை, கல்யாண வீட்டின் பின்புறம் கடைசிப் பந்திக்காகக் காத்திருக்கிற பேண்டுக்காரர்களை.

ஒருநாள் கல்யாணத்துக்கு ஆள் கேட்டு வந்தபோது சித்தப்பா ஏரிக்கரையில் பலகையோடு உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் வேறு செட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சித்தி அழுதாள். அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா பஞ்சாயத்து பேசினார். தாத்தா போன பிறகு சித்தப்பாவை வளர்த்தவர் அப்பாதான்.

"ஊதறதுதான் உனக்குச் சோறு போடுது. இந்தப் பொம்ம போடறத வுட்டுடு."

சித்தப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஸ்கூல் ஹால்ல ஒருநாள் எல்லாத்தையும் மாட்டி வெக்கறேண்ணா. ஒண்ணுகூட விக்கலன்னா அப்புறம் பிரஷ்ஷத் தொட மாட்டேன்."

அப்பா சம்மதித்தார். பட்டணத்தில் இப்படிப் படங்களை மாட்டி வைக்கிற இடத்தில், விற்றுப்போன படத்துக்குக் கீழே சிவப்புப் பொட்டு ஒட்டிவிடுவார்கள் என்று சித்தப்பா என்னிடம் சொன்னதும் அன்றைக்குத்தான். எனக்கு அப்போது எட்டு வயது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஸ்கூல் ஹாலைத் திறந்தார்கள். ஒன்பது படங்கள். சும்மா மாட்டி வைத்தால் யாரும் வரமாட்டார்கள், வாசலில் நின்று நீயே கொஞ்சம் வாசி என்று ஃபாதர் சொல்லிவிட்டார். ஆகவே சித்தப்பா சிவப்புக் கோட்டோடு வாசலில் நின்று வாசித்தார். கூட்டம் வந்தது. பாட்டைக் கேட்டது, தலையை உள்ளே நீட்டிச் சிரித்தது, போய்விட்டது. சோற்றுக்குக் காத்துக் கிடக்கிறதையெல்லாமா படம் போடுவார்கள் என்று ஒரு கிழவி கேட்டாள்.

பன்னிரண்டு மணிவரை ஒன்றும் போகவில்லை. ஷிப்டு முடிந்து இரண்டு மணிக்கு மேல் அப்பா வருவார். சித்தி உள்ளே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்தாள். பிறகு, சோறு வடிக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள்.

நான் அவள் பின்னாலேயே வீட்டுக்கு ஓடினேன். கிறிஸ்துமஸ் ஸ்டார் செய்து மிஞ்சிய சிவப்புத் தாள் பரணில் இருந்தது. காசை வைத்து வட்டம் போட்டு ஒன்பது பொட்டு வெட்டினேன். ஒரு பிடி பழைய சோற்றையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒட்டினேன். அது பொய் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பொட்டு ஒட்டினால் படம் விற்றுப்போய்விடும் என்றுதான் நான் அந்த விதியைப் புரிந்துகொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. எந்தக் கம்பெனியையோ பார்க்க வந்த ஆபீசரும் அவர் மனைவியும் பாட்டுச் சத்தம் கேட்டு இறங்கியிருந்தார்கள். அந்த அம்மாள், பேண்டுக்காரர்கள் காத்திருக்கிற பந்திப் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றாள். பிறகு குனிந்து பொட்டைப் பார்த்தாள்.

"இதுவும் போயிடுச்சாம்மா?" என்று என்னைக் கேட்டாள்.

"எல்லாமே போயிடுச்சு" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவள் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் அந்தப் படத்தின் முன்னாலேயே வந்து நின்றாள். பிறகு வெளியே போனாள். வாசலில் சித்தப்பாவிடம் ஏதோ சொன்னாள். பாட்டு பாதியில் நின்றது.

சித்தப்பா கிளாரினெட்டோடு உள்ளே ஓடிவந்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. அந்தச் சுவரையும் இந்தச் சுவரையும் பார்த்தார். வாய் திறந்தபடியே இருந்தது. பந்திப் படத்தின் அருகே போய்ப் பொட்டைத் தொட்டார். அது ஈரம் காயாமல் விரலோடு நகர்ந்தது. விரலில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். வாசலுக்கு ஓடினார். ஜீப் அதற்குள் மெயின் ரோட்டில் ஏறிவிட்டிருந்தது.

அவர் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அப்பா வருகிறவரை அப்படியே இருந்தார்.

அப்பா கம்பெனி உடுப்போடு வந்தார். முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை ஒவ்வொரு பொட்டாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"எல்லாமேவாடா?"

சித்தப்பா எழுந்து, நகர்ந்திருந்த பொட்டைக் கட்டை விரலால் அழுத்தி ஒட்டினார். "ஆமாண்ணா" என்றார்.

அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார். வீட்டுக்கு வந்ததும், இனிமேல் யாரும் அவனை ஒன்றும் சொல்லக்கூடாது என்று பொதுவாகச் சொன்னார். பணத்தைப் பற்றிச் சித்தி கேட்டாளா, அவர் என்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்த மாதம் பள்ளிப்பட்டுவரைகூடப் போய், கிடைத்த கல்யாணத்துக்கெல்லாம் ஊதினார் என்பது மட்டும் தெரியும்.

பிறகு பல வருஷம் ஊதவும் செய்தார், வரையவும் செய்தார். பட்டணத்தில் அவர் படங்கள் நிஜமாகவே விற்றன. அந்த ஒன்பதில் ஒன்றைக் கவரைப்பேட்டையில் முடிவெட்டும் கடையிலும், இன்னொன்றை ரயில்வே கேட் அறையிலும் பெரியவளான பிறகு பார்த்தேன். சும்மாதான் கொடுத்தார், மாட்டி வையுங்கள் என்றார், அவ்வளவுதான் என்றார்கள். பந்திப் படத்தோடு அவர் மூன்று நாள் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, ஜீப்பில் வந்த அம்மாளை விசாரித்த கதையை அவருடைய செட்டில் டிரம் அடித்தவர் சொல்லித்தான் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

அந்த மூன்று நாளும் காலையில் படத்தைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டியது நான்தான். சாயங்காலம் அது கட்டியபடியே திரும்பி வரும். வாங்கினவங்க ஊட்ல இல்ல என்பார் சித்தப்பா. தன் படம் வீடு தேடி வருகிற நேரத்தில் வீட்டில் இருக்கக்கூடத் தெரியாத அந்த யாரோ ஒருவர் மேல், மூன்றாம் நாள் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.