பெற்றவளின் பெயரை எழுதிய ரங்கநாயகி சிஸ்டர்

செவ்வாய்க்கிழமை காலை, நீதிமன்றத்துக்குக் கிளம்பி கறுப்புக் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்ற நேரத்தில் தொலைபேசி அடித்தது. பீளமேட்டிலிருந்து ரங்கநாயகி சிஸ்டரின் அண்ணன் பேசினார். "வக்கீல் சாருங்களா? தங்கச்சி தவறிட்டாளுங்க. காப்பி குடிச்சுப்போட்டு நெஞ்சை அடைக்குதுன்னு உக்காந்தா. அத்தோட சரிங்க. சாயங்காலமே எடுக்கறோம்" என்றார். அன்றிருந்த இரண்டு வழக்குகளுக்கும் வாய்தா வாங்கிக்கொண்டு பீளமேட்டுக்குப் போனேன். அங்கே நடந்ததைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் நாளிதழில் கறுப்புக் கட்டம் கட்டி ஒரு விளம்பரம் வந்திருந்தது. 'எங்கள் மருத்துவமனையின் பிரசவ வார்டில் இருபத்தாறு ஆண்டுகள் அர்ப்பணிப்போடு பணியாற்றிய தலைமைச் செவிலியர் ரங்கநாயகி அவர்களின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல்.' அந்த இருபத்தாறாவது ஆண்டில் அவரை வெளியே அனுப்பியது யார் என்பது மட்டும் விளம்பரத்தில் இல்லை. அதைப் படித்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அஞ்சலிக் கட்டுரையில் கோபம் ஆகாது என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சிஸ்டரை நான் முதலில் பார்த்தது என் மகள் பிறந்த அன்று. குள்ளமான, கனத்த உடம்பு. வெள்ளைச் சேலையில் குத்திய சிறு கடிகாரம். வார்டின் அந்தக் கோடி வரை கேட்கும் குரல். பிரசவ அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தவரை என் சொந்தபந்தங்கள் மொத்தமும் சூழ்ந்துகொண்டு, "என்ன கொழந்தைங்க?" என்று கேட்டார்கள். அவர் காதில் விழாதவரைப் போல என்னைப் பார்த்து, "உங்க ஊட்டுக்காரம்மா நல்லாருக்கறாங்க. ரெண்டு தையல் போட்டிருக்குது. பயப்படறதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார். என் அம்மா பொறுக்க மாட்டாமல் மறுபடி கேட்டார். "மொதல்ல பெத்தவளைக் கேளுங்க அம்மணி. கொழந்தை எங்கீங்க ஓடிப்போகப்போகுது" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் பெண் குழந்தை என்று சொன்னார்.

அந்த வார்டில் அதுதான் வழக்கம் என்று பிறகு தெரிந்தது. மில் முதலாளி வீட்டுப் பிரசவமானாலும், தோட்டத்து ஆளின் பிரசவமானாலும், முதலில் தாயின் நலம். அதன் பிறகே பிள்ளை. மனைவியைப் பார்க்காமல் தொட்டிலை மட்டும் எட்டிப் பார்க்கும் கணவர்களை அவர் திட்டுவதைக் கேட்பதற்கே தனியாகப் போகலாம். "ஏனுங்க மாப்பிள்ளை, புத்தி கித்தி இருக்குதுங்களா உங்களுக்கு?" என்று ஒரு 'ங்க' குறையாமல் மரியாதையாக மானத்தை வாங்கிவிடுவார்.

வாடகைத் தாய் என்ற சொல் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். இங்கிலாந்தில் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்து அதற்குள் பல வருடங்கள் ஓடியிருந்தன. அந்த நாட்டுக்காரர்கள் சுதாரித்துக்கொண்டு சட்டம் போட்டார்கள். வாடகைத் தாய் பிடித்துத் தருகிற தரகுத் தொழிலைக் குற்றமாக்கினார்கள். சுமந்து பெற்றவளே தாய் என்று எழுதிவைத்தார்கள். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், பணம் பேசிச் செய்துகொண்ட இப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பே சொன்னது. இங்கே மருத்துவம் மட்டும் விமானத்தில் வந்து இறங்கியது. சட்டம் இந்த 2003 வரை கப்பல்கூட ஏறவில்லை.

சட்டம் இல்லை என்றால் என்ன, வக்கீல்கள் இருக்கிறோமே. எங்கள் கோர்ட் வளாகத்து டைப்பிஸ்டுகளிடம் இதற்கென்று மாதிரிப் பத்திரம் கிடையாது. வீட்டு வாடகைப் பத்திரத்தையே எடுத்து ஆங்காங்கே மாற்றி அடித்தார்கள். 'மேற்படி காலம் முடிந்ததும் நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டியது', 'பின்னிட்டு எவ்வித உரிமையும் கோர மாட்டேன்' என்கிற வரிகள் அப்படியே இருந்தன. அந்த மாதிரி இரண்டு பத்திரங்களை நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதைச் சொல்லாமல் மற்றவர்களைத் திட்டினால் சிஸ்டர் என்னை மன்னிக்க மாட்டார்.

அந்தப் பத்திரம் கோர்ட்டில் நிற்காது என்று எழுதிய எங்களுக்கே தெரியும். பொதுநலனுக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்கிறது வெள்ளைக்காரன் காலத்து ஒப்பந்தச் சட்டம். கல்யாணமானவள் பெற்ற குழந்தைக்கு அவள் கணவனே தகப்பன் என்கிறது சாட்சியச் சட்டம். பணம் வாங்கிக்கொண்டு தத்துக் கொடுப்பதும் கூடாது. ஆக, சுமந்த பெண்ணின் பெயர் எங்காவது பதிவாகிவிட்டால் குழந்தை, பணம் கொடுத்த தம்பதிக்குச் சட்டப்படி சேராது. அதனால் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். சுமக்கிற பெண்ணை, குழந்தை கேட்கிற அம்மாவின் பெயரிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவது. கேஸ் ஷீட்டில் இருக்கும் பெயர்தான் மாநகராட்சிக்குப் போகும். பிறப்புச் சான்றிதழிலும் அதுவே வரும். பெற்றவள் எந்தக் காகிதத்திலும் இருக்க மாட்டாள்.

துளசிமணி அப்படித்தான் வந்தார். அவர் பெயரை அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். கணவர் தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருந்தார். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. பம்பு செட் கம்பெனி நடத்தும் ஒரு தம்பதிக்காகச் சென்னையில் அவர் வயிற்றில் கரு வைத்தார்கள். கணவருக்கு மட்டுமே தெரியும்; மாமியாரிடமும் ஊரிலும், கோயமுத்தூர் மில்லில் வேலை, அங்கேயே தங்கல் என்று சொல்லிவிட்டார். அந்த முதலாளியின் மனைவி பெயரில், சிஸ்டர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குச் சேர்ந்து, ஆண் குழந்தை ஒன்றைப் பெற்றுக் கொடுத்துவிட்டு நான்காம் நாள் பொள்ளாச்சி பஸ் ஏறினார்.

அந்தப் பிரசவத்தைப் பார்த்தவர் ரங்கநாயகி சிஸ்டர். மேலிடம் சொன்ன பெயரைக் கேஸ் ஷீட்டில் தன் கையால் எழுதியவரும் அவர்தான். தாயை முதலில் கேளுங்கள் என்று ஊரைத் திட்டிய அதே சிஸ்டர்.

அதோடு நின்றிருந்தால் ஒரு பொய்யோடு போயிருக்கும். அந்தப் பணக்கார அம்மாள் அதே ஆஸ்பத்திரியில் பல வருடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர். அவருடைய பழைய ரத்தப் பரிசோதனைத் தாளையே புதிய கேஸ் ஷீட்டில் குத்திவைத்தார்கள். அதில் ரத்த வகை பாசிட்டிவ் என்றிருந்தது. துளசிமணியின் ரத்தம் நெகட்டிவ், பிறந்த குழந்தையின் ரத்தம் பாசிட்டிவ். நெகட்டிவ் ரத்தம் உள்ள தாய்க்குப் பாசிட்டிவ் குழந்தை பிறந்தால் மூன்று நாட்களுக்குள் ஓர் ஊசி போட வேண்டும். போடாவிட்டால் தாயின் ரத்தம் அடுத்த பாசிட்டிவ் குழந்தையை எதிரியாக நினைத்துத் தாக்கும். வார்டில் ஒவ்வொரு தாய்க்கும் சிஸ்டர் இதைப் பார்த்துப் போடுகிறவர். அன்றும் பார்த்தார். தாளில் பாசிட்டிவ் என்றிருந்தது. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இரண்டு வருடம் கழித்து, வைத்தியத்தில் எழுந்து நடமாடத் தொடங்கிவிட்ட தன் கணவருக்குத் துளசிமணி ஒரு பிள்ளையைச் சுமந்தார். எட்டாம் மாதம் அது வயிற்றிலேயே உடம்பு வீங்கி இறந்தது. இறந்த பிறகுதான் துளசிமணியின் ரத்தத்தைச் சோதித்தார்கள். மூத்த பெண் அம்மாவைப் போலவே நெகட்டிவ் என்பதால் அவளால் கேடில்லை. "நடுவில் ஏதாவது பிரசவம் ஆச்சாம்மா? ஊசி போட்டாங்களா? சீட்டு இருக்கா?" என்று அரசு டாக்டர் கேட்டாராம். பக்கத்தில் மாமியார். துளசிமணி வாயைத் திறக்கவில்லை. உடம்பு தேறியதும் தனியாகக் கோயமுத்தூர் வந்து, அந்த ஆஸ்பத்திரியின் ஜன்னலில் நின்று, தான் அங்கே பிள்ளை பெற்றதற்கு ஒரு சீட்டுக் கேட்டார். அப்படி ஒரு பெயரே எங்களிடம் இல்லை என்று விரட்டினார்கள்.

வெளியே படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவரைப் பணி முடிந்து வந்த சிஸ்டர் பார்த்திருக்கிறார். மறுநாள் இருவரும் என் அலுவலகத்தில் இருந்தார்கள். சிஸ்டர் உட்காரவே இல்லை.

"சாருங்க, இந்தப் புள்ள எங்க வார்டுல பெத்ததுக்கு நான் எழுதித் தாரேன். பத்திரத்துல அடிங்க."

"சிஸ்டர், யோசிச்சுப் பேசுங்க. பொய்ப் பேர் எழுதினது நீங்க. அதை ஒத்துக்கிட்டா உங்க மேலயே கேஸ் வரும். வேலையும் போகும்."

"எழுதச் சொன்னாங்க, எழுதிப்போட்டேன். சொன்னவன் மேல பழி போடறதுக்கு நான் பச்சைக் கொழந்தையுங்களா? அன்னைக்கு நான் பேப்பரைப் பாத்தனுங்க சார். பொம்பளையைப் பாக்கல. இவ புள்ள செத்ததுல என்ற கையும் இருக்குது. அதையும் சேத்து அடிங்க."

அடித்தேன். தன் பெயர், தன் பதவி, துளசிமணியின் பெயர், எழுதிய பொய்ப் பெயர், போடாத ஊசி, எல்லாவற்றையும் நான்கு பக்கத்தில் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பத்தாம் நாள் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். நோயாளிகளின் ரகசியத்தை வெளியிட்டாராம். யாருடைய ரகசியத்தை என்று கேட்டு நான் அனுப்பிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

நுகர்வோர் மன்றத்தில் ஆஸ்பத்திரி மீது வழக்குப் போட்டோம். அந்தச் சமயத்தில் பம்பு செட் முதலாளி என்னைத் தேடி வந்தார். கெட்டவர் அல்ல. "பையனைப் புடுங்கிக்குவாங்களா சார்? அவனுக்கு எங்களை உட்டா யாருங்க?" என்றார். அன்று சிஸ்டரும் இருந்தார். "உங்க பையனை யாருங்க கேட்டா? நீங்களே நல்லா வளத்துங்க. ஒருத்தி பெத்தாள்னு ஒரு துண்டுச் சீட்டுத்தானுங்க கேக்கறா. அது உங்களுக்கு அத்தனை கசக்குதுங்களா?" என்றார். முதலாளி சாட்சி சொல்ல வரவில்லை.

வழக்கு தள்ளுபடியானது. துளசிமணி அங்கே சிகிச்சை பெற்றதற்கு ஆவணம் இல்லையாம். சிஸ்டரின் வாக்குமூலம் இருக்கிறதே என்றால், அவர் வேலை நீக்கம் செய்யப்பட்டவர், விரோதத்தில் சொல்கிறாராம். வாக்குமூலம் கொடுத்ததற்காகத்தான் நீக்கினார்கள். நீக்கியதால் வாக்குமூலம் செல்லாது. இருபது வருடம் சட்டம் படித்து நான் கற்றுக்கொண்டது இதுதானா என்று அன்று நீதிமன்றப் படியிலேயே கத்தினேன். சிஸ்டர் என் கையிலிருந்த வழக்குக் காகிதக் கட்டை வாங்கி, அதிலிருந்து தன் வாக்குமூலத்தின் நகலை மட்டும் உருவிக்கொண்டார். "கோர்ட்டு நம்பாட்டிப் போகுதுங்க. டாக்டர் நம்புவாரு" என்றார்.

எதற்காக என்று அடுத்த ஆண்டு புரிந்தது. துளசிமணி மறுபடி கருவுற்றதும், சிஸ்டர் அந்த நகலை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குத் தானே கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் படித்துவிட்டு அதைக் கேஸ் ஷீட்டோடு சேர்த்துக் குத்திவைத்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை துளசிமணி கிணத்துக்கடவிலிருந்தும் சிஸ்டர் பீளமேட்டிலிருந்தும் வந்து, துளசிமணியின் ரத்தத்தைச் சோதித்துப் போனார்கள். மாமியாரிடம் ரத்தசோகை என்று சொல்லி வைத்திருந்தார்கள். குறைமாதத்தில் பிரசவம் பார்த்து, குழந்தையின் ரத்தத்தையே மாற்றினார்கள். பிழைத்தது. இன்று அவனுக்குப் பத்து மாதம்.

வேலை போன பிறகு சிஸ்டர் எந்த ஆஸ்பத்திரியிலும் சேரவில்லை. யாரும் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. அண்ணன் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ரத்த வகை என்ன என்று கேட்டுத் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தார். "எப்பத்தானுங்க சார் சட்டம் போடுவாங்க?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். தெரியவில்லை சிஸ்டர் என்பேன். டெல்லிக்கு மூன்று மனுக்கள் அனுப்பினோம். பெற்றுக்கொண்டோம் என்றுகூட ஒரு வரி வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை அந்த வீட்டு வாசலில் நல்ல கூட்டம். ஆஸ்பத்திரி மேலாளர் பெரிய மலர் வளையம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கே வைத்தால் எல்லார் கண்ணிலும் படும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது துளசிமணி வந்தார். இடுப்பில் குழந்தை, பக்கத்தில் மாமியார். சிஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் குழந்தையைக் கீழே உட்கார வைத்துவிட்டு, அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணன் மனைவிக்கு அடையாளம் தெரியவில்லை. "நீங்க யாருங்க அம்மணி? ஆஸ்பத்திரியில கூட வேலை பாத்தீங்களா?" என்று கேட்டார்.

துளசிமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மாமியார் அங்கேதான் நின்றார். மேலாளர் அங்கேதான் நின்றார். "இல்லீங்க. இவிங்க கையில புள்ள பெத்தவளுங்க நானு. மொத்தம் நாலு பெத்தனுங்க. ரெண்டு என்ற ஊட்டுல இருக்குது. ஒண்ணை ஊருல பொதைச்சோம். ஒரு பையன் இந்தக் கோயமுத்தூர்லயே வேற ஊட்டுல வளருறான். அவனையும் நாந்தான் பெத்தேன்" என்றார்.

மேலாளர் மலர் வளையத்தைச் சுவரோரம் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். மாமியார் மருமகளைப் பார்த்தார். பிறகு குனிந்து, தரையில் உட்கார்ந்திருந்த பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, துளசிமணியின் பக்கத்தில் போய் நின்றார்.

எந்த மன்றத்திலும் என்னால் வாங்கித் தர முடியாததை, சிஸ்டர், உங்கள் வாசலில் அவரே சொல்லி எடுத்துக்கொண்டார். நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்த சட்டம் இன்னும் வரவில்லை. வருகிறவரை நான் கேட்கிறேன். போய் வாருங்கள்.