பிரேக்கில் கை வைத்தவன்

பானை மூடியின் இடுக்கில் ஆவி கசிவது போன்ற மெல்லிய 'உஸ்' சத்தம் கேட்டால், இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்கு அப்பாவின் பழைய பெட்ரோல் வேனும் அந்தத் தாளடி அறுவடையும்தான் நினைவுக்கு வருகின்றன. கூலித் தகராறில் உள்ளூர் ஆட்கள் வயலில் இறங்க மறுத்திருந்த நேரம். ஒரு மிராசுதாருக்காக வெளியூர் ஆட்களை ஏற்றிவர அப்பா ஒப்புக்கொண்டதும், அவர் கூடவே வளர்ந்த, விவசாயக் கூலிகள் சங்கத்தில் இருந்த ராசு மாமா, டீக்கடையில் எல்லோர் முன்னாலும், "வண்டி எப்படி ஓடுதுன்னு பாத்துடறேண்ணே" என்று சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை வாய்க்கால் பாலத்தருகே பிரேக் பெடல் 'கட்டை'யாக விறைத்து நின்றது. கை பிரேக்கை இழுத்து, வண்டியைச் சேற்றில் இறக்கித்தான் அப்பா நிறுத்தினார். முன்சீட்டில் இருந்த என் முழங்காலில் ரத்தத்தைப் பார்த்ததும், "ராசு கை வெச்சுட்டான்" என்றார். அப்போதெல்லாம் ஆளை உள்ளே தள்ளப் போலீசுக்கு ஒரு மனு போதும். என் பள்ளி நோட்டில் தாள் கிழித்து அங்கேயே எழுதத் தொடங்கிவிட்டார்.

கூத்தாநல்லூரிலிருந்து வந்த மெக்கானிக் காசிம் பாய், "மனு எங்க ஓடிடப்போவுது? முதல்ல மிதிச்சுப் பாருங்கண்ணே" என்றார். என்ஜினை அணைத்துப் பெடலை நாலைந்து முறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நல்ல வண்டியென்றால் பெடல் தானாகக் கொஞ்சம் இறங்கும். இறங்கவில்லை. என்ஜின் காற்றை உறிஞ்சும் இழுப்புதான் பிரேக்கில் நம் காலுக்குத் துணை. அந்த இழுப்பைக் கொண்டுவரும் குழாயில் ஓட்டை விழுந்தால் துணை போய்விடும். பாய் ரப்பர் குழாய் நெடுக ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில், அதுவரை கேட்டுக்கொண்டிருந்த 'உஸ்' அடங்கி, தடுமாறிய என்ஜினும் சீரானது. துணியை விலக்கினால் பல் தடம், பக்கத்து இடுக்கில் வைக்கோலும் உமியும்.

"இந்தா இருக்காரு பாருங்க, உங்க சங்கத்து ஆளு. ரெண்டு பல்லு, ஒரு வாலு."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மனுவைக் கிழித்து வாய்க்காலில் விட்டார். ஆனால் மனு எழுதிய பேச்சு அதற்குள் ஊருக்குள் போய்விட்டிருந்தது. ராசு மாமா வந்து, தோள் கொடுத்து வண்டியைச் சேற்றிலிருந்து தள்ளிவிட்டு, "எலி மேலயும் ஒரு மனு எழுதிடுங்கண்ணே" என்றார். அதன்பிறகு அவர் எங்கள் வேனில் ஏறவே இல்லை.

போன வாரம் என் மகன் ஓட்டிய பழைய காரில் அதே கட்டைப் பெடல். லாரிக்கு ஒரு முழம் பின்னால் நின்றோம். காரை நிறுத்தும் இடத்துக்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போட்டிருந்த மகன், "அந்த ஆளு கை வெச்சிருக்கான்மா" என்றான். வேன் பழைய இரும்புக்குப் போய்விட்டது, பாயின் கொட்டகை செல்போன் கடையாகிவிட்டது, ராசு மாமாவும் இல்லை.

"முதல்ல மிதிச்சுப் பாருடா" என்றேன்.

பெடல் இறங்கவில்லை. பானட்டைத் திறந்து குனிந்தோம், 'உஸ்' கேட்டது. என்ஜினை அணைக்கச் சொல்லி, குழாயை விரலால் தடவிக்கொண்டே போனேன். வயதாகி வெடித்த ரப்பர்; யாருடைய கையும் இல்லை.